பத்தொன்பதாவது ரிவெட்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை,
பிஸ்கட் கம்பெனி வாசனைக்குப் பின்னால்
எங்கள் ஷெட்.
உள்ளே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழை
மறுபடி செய்துகொண்டிருக்கிறோம்,
ஒரு காரளவுக்கு மட்டும்.

கோயம்புத்தூர்க்காரர் முதல் தடவை வந்தபோது
சட்டைப்பையில் காந்தம் வைத்திருந்தார்.
பட்டி பூசி ஏமாற்றுகிறவர்களைப்
பார்த்துப் பார்த்து வந்த பழக்கமாம்.
மட்கார்டில் வைத்தார். விழுந்தது.
கதவில் வைத்தார். விழுந்தது.
அவர் முகமும் விழுவதற்குள் சொன்னேன்:
அலுமினியம் சார்.
அதற்கு யார்மேலும் ஒட்டுதல் கிடையாது.

அதை வழிக்குக் கொண்டுவர
பார் சோப்பைத் தேய்த்து
அடியில் நெருப்பைக் காட்ட வேண்டும்.
சோப்பு கருக்கிற நொடியில் எடுத்தால்
தகடு சொன்னபடி கேட்கும்.
நொடி பிந்தினால்
சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டையாகும்.

மணல்மூட்டையில் போட்டு மரச்சுத்தியால் அடித்தால்
முதலில் வருவது கார் இல்லை,
பாகற்காய்த் தோல்.
சக்கர மெஷினில் விட்டு
முன்னும் பின்னும் ஓட்ட ஓட்ட
கத்தரிக்காய் ஆகும்.
போதுமா என்று கண்ணைக் கேட்க மாட்டேன்.
இடது கையால் தடவுவேன்.
வலது கை சுத்தி பிடித்தே மரத்துவிட்டது.

நீலத்துக்கு அங்காளன் ஏழு அட்டை அடித்து
ஷெட் கதவில் ஒட்டினான்.
கடல் நீலம்தானே, என்றார் வந்தவர்.
எங்க கடல் பாதி நாள் டீ நிறம் சார்,
என்று சொல்லிவிட்டு
எட்டாவது அட்டைக்குக் கலக்கப் போனான்.

மூலக் காருக்கு நாற்பத்தேழு படம் வந்திருந்தது.
இடப்பக்கம், ஓட்டுகிறவர் முழங்கைக்குக் கீழே
முப்பத்தொரு ரிவெட்.
பதினெட்டு வரை நூல் பிடித்த மாதிரி.
பத்தொன்பதில் வரிசை வழுக்குகிறது.
கடைசி ரிவெட்டுக்குள்
நாலு மில்லிமீட்டர் இறக்கம்.

நான் நேராக அடித்து வைத்திருந்தேன்.
நல்லாத்தான் இருக்கு, என்றார்.
ஆனா இது அந்தக் கார் இல்லையே.

அன்று ராத்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
விடிந்தால் பந்தயம்.
எவனோ ஒருவன், பேர் எதிலும் இல்லை.
விளக்கு பிடித்தவன் கை தளர்ந்திருக்கலாம்.
சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்.
தும்மல்கூட.
பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்
என்னவோ நடந்து
அறுபது சொச்சம் வருஷமாக
இறங்கிக்கொண்டே இருக்கிறது.

உதிரித் தகட்டில் பழகினேன்.
அவசர அவசரமாக அடித்தேன்; நேராக வந்தது.
கண்ணை மூடி அடித்தேன்; கோணியது,
ஆனால் அது என் கோணல்.
அவனுடையது வரவில்லை.

கடைசியில் பித்தளைப் பட்டையில் ஒரு ஜிக்.
பதின்மூன்று துளை,
ஒவ்வொன்றும் அளந்து எடுத்த தவறு.
எங்களுக்கு ரெண்டு நாள்.
அவனுக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

பில்லில் என்ன எழுதட்டும் என்றாள் பிலோமின்.
பழுது பார்த்த கூலி என்று போட முடியாது.
யோசித்து அவளே எழுதினாள்:
பழுது செய்த கூலி.

சேதராப்பட்டு ரோட்டில், வெயில் ஏறுமுன்,
முதல் ஓட்டம்.
இரண்டாவது கியரில் எழுந்த சத்தத்துக்கு
நாய்கள் குரைக்க மறந்து நின்றன.
சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் கைகாட்டினார்.

எந்த வருஷ வண்டி?
அங்காளன் என்னைப் பார்த்தான்.
போன மாசம் சார், என்றேன்.
நம்பவில்லை. சுற்றி வந்தார்.
நீலத்தைக் குனிந்து பார்த்தார்,
தன் முகம் நெளியாமல் தெரிவதைப் பார்த்தார்.
இடப்பக்கம் வந்தவர் நின்றுவிட்டார்.
ஒரு விரல் ரிவெட் ரிவெட்டாக ஊர்ந்து
ஓர் இடத்தில் தயங்கியது.

இவ்வளவு அழகா செஞ்சுட்டு
இங்க கோணவிட்டுட்டியேம்மா.
பார்த்துச் செய்யக் கூடாதா?

பார்த்துத்தான் சார் செஞ்சேன்.