வரி முடியும் இடம்

சேரன்மகாதேவி செக்சன் ஆபீசிலிருந்து
இசக்கித்தாய் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டே கால்.
"அரைமணி நேரமா வெள்ளைக் கோடு மினுங்குது சார்,
ரொம்ப யோசிக்கி போல."

யோசிக்கவில்லை.
குழாய்க்குறி போட மறந்திருக்கிறாள்.
கோப்பிலிருந்து ஒன்றும் வராததால்
நிரல் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது,
அவள் நிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
கல்யாணப் பந்தியில் ஒருமுறை இப்படித்தான்
சாம்பார் வாளிக்காரனும் நானும்.

"கன்ட்ரோலும் இசட்டும், பிறகு என்டர்" என்றேன்.
பாளையங்கோட்டையில் என் மேசை லினக்ஸுக்குக் கன்ட்ரோல் டி.
இங்கே இசட் அழுத்தினால் நிரல் முடியாது,
பாதி வேலையில் உறங்கப் போய்விடும்.
அங்கே டி அழுத்தினாலோ
தொப்பி வைத்த ஒரு டி
சும்மா எழுத்தாய்த் திரையில் விழும்.

குழாய் போட்டாள். வந்தது.
வாய்க்கால் பேரெல்லாம் கேள்விக்குறியாய் வந்தது.
"கோடகனுக்கு ஆறு கேள்வி சார்.
நாலெழுத்துதான?"
புள்ளிக்குத் தனியாக ஒன்று,
கோவின் கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து ஒன்று
என்று நான் கணக்குச் சொன்னேன்.
கன்னடியனை அவளே எண்ணினாள்.
"ஒம்பது. சரியாத்தான் இருக்கு" என்றாள்,
தப்பு ஒழுங்காக இருப்பதில் ஒரு திருப்தி.

குறிமுறையை மாற்றியதும்
கேள்விகள் போய் ஊர் வாய்க்கால்கள் திரும்பின.
ஆனால் ஒன்றும் பதிவேட்டில் இல்லையாம்.
என் பட்டியலில் கோடகன் இருக்கிறது,
அவள் அனுப்பியதும் கோடகன்தான்,
இரண்டும் வேறு என்று சாதிக்கிறது நிரல்.

கோப்பை மெயிலில் வாங்கி
பைட் பைட்டாக உரித்தேன்.
தயிர்சாதம் டப்பாவிலேயே கிடந்தது.
ஒவ்வொரு வரிக் கடைசியிலும்
012-க்கு முன்னால் ஒட்டிக்கொண்டு ஒரு 015.
என் மெஷின் ஒருதடவை சொல்லிவிட்டுக் கிளம்பும்.
அவளுடையது வாசலில் ஒருதடவை,
வண்டியை உதைக்கும்போது இன்னொரு தடவை.
அந்த முதல் விடைபெறல்
வாய்க்கால் பேரோடு ஒட்டி உள்ளே வந்துவிட்டது.
கோப்பின் உச்சியில் வேறு
கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்,
நோட்பேட் வைத்த திருஷ்டிப்பொட்டு.

அவள் பக்கம் எதையும் மாற்றச் சொல்லவில்லை.
என் நிரலில்
தலையைத் தட்ட ஒரு வரி,
வாலை நறுக்க ஒரு வரி.

"வந்துட்டு சார். கடைமடை அளவு வரைக்கும் வந்துட்டு."
"சரி."
"அப்போ வாரேன் சார்."

கிளம்புகிறவள் வாரேன் என்கிறாள்.
இதை எந்த நிரலுக்குச் சொல்லிப் புரியவைக்க?
நம்பி உட்கார்ந்திருக்கும், ராத்திரி வரை.

போனில் அவள் ஆபீஸ் மின்விசிறி
கடகடத்துக்கொண்டிருந்தது.
யாரோ பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டார்கள்.
நான் டப்பாவைத் திறந்து
ஒரு வாய் எடுத்துவிட்டேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"
"இருக்கேன்."
"இல்ல, வச்சுட்டீங்களோன்னு பாத்தேன்."