பதினொன்றாம் எண்

கடலூர்த் துறைமுகத்தில், கொடிக்கம்பத்தடியில்
முப்பத்தொரு வருஷ வேலை.
முதலில் தந்தி, பிறகு ஃபோன், அப்புறம் ஃபேக்ஸ்.
வந்த எண்ணை ஏற்றுவேன்.
பகலில் கூண்டு, இரவில் விளக்கு.
ஒன்று என்றால் எங்கோ தூரத்தில்.
மூன்று என்றால் காற்று நம் பக்கம்.
பத்தை என் கையால் ஏற்றியது ஒரே முறை,
ஈரக் கயிறு உள்ளங்கையை உரித்துவிட்டது.

பதினொன்று என்று ஒன்று உண்டு.
வானிலை மையத்தோடு பேச்சு அற்றுப்போச்சு,
வருவது என்னவென்று எங்களுக்கே தெரியாது
என்று ஊருக்குச் சொல்வது.
அதை நான் ஏற்றியதே இல்லை.

குரல் கம்மி நாலாவது மாதம்
புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி.
குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்
கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்தார்.
மருமகனை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு
இங்கிலீஷில் ஏழெட்டு வாக்கியம்.
கண்ணாடிக் கதவு வழியே
இளவழகனின் தோள் இறங்குவதைப் பார்த்தேன்.
"சின்னக் கட்டிதான் மாமா, கரைஞ்சிடுமாம்."

அரியாங்குப்பம் தாண்டி, கன்னியக்கோயில் தாண்டி,
பெண்ணையாற்றுப் பாலம் வரைக்கும்
பஸ்ஸில் எங்கள் மூவருக்கும் பேச்சில்லை.
வீட்டில் மூன்று வாரம்
டிவி சத்தம் குறைந்திருந்தது.
கேட்காமலே முட்டை அவித்துத் தந்தாள் குணவதி.
நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும்.
கம்பம் இல்லாத வீட்டில்
தினமும் பதினொன்று ஏறி நின்றது.

அப்புறம்தான் டாக்டர் பஸீரா.
வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
"எனக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்று
அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு
ஸ்டூலை என் முழங்காலில் இடிக்க இழுத்துப் போட்டார்.
"உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?"
"புற்று" என்றேன்.
"ஆமாம்" என்றார்.
குணவதி அங்கேயே அழுதாள்.
ஃபோன் அடித்தது. யாரென்று பார்க்காமல் கவிழ்த்து வைத்தார்.
அஞ்சு நிமிஷத்தில் ரெண்டு அவள் அழுகைக்கே போனது,
அவசரப்படுத்தவில்லை.

என் வேலையைச் சொல்லி
"எத்தனாம் நம்பர்?" என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை, யோசித்தார்.
"மூணைத் தாண்டியாச்சு. பத்து இல்லை.
குரல்வளையை எடுக்கணும், குரல் போயிடும்.
அப்புறம் எந்தப் பக்கம் திரும்பும்னு
இன்னிக்கு எனக்குத் தெரியாது.
தெரியற அன்னிக்கு உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்."

தேவனாம்பட்டினத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்,
எண் தெரிந்தவன்
படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவான்,
வலையை உள்ளே போடுவான்,
உட்கார்ந்து சோறு தின்பான்.
அன்று ராத்திரி நானும் தின்றேன்,
மறுசோறு கேட்டு.

ஆபரேஷன் வியாழக்கிழமை.
இன்றைக்கு இளவழகன் செல்ஃபோனை வாங்கி
மிச்சமிருக்கிற குரலைப் பதிவு பண்ண உட்கார்ந்தேன்.
பெரிசாக ஒன்றும் வாயில் வரவில்லை.
"குணவதி, தண்ணி."
"அதுக்குக் கையைத் தட்டினாப் போதாதா?" என்றாள் அடுப்படியிலிருந்து.
அதுவும் பதிவாகிவிட்டது.