கிட்டத்தட்ட

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறது:
கிட்டத்தட்டப் பறக்கத் தயார்.
மார்லீன் வோவ்சுக் முதல் சொல்லைக்
கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள்.
போகவில்லை.

யார்க்டன், சஸ்காச்சுவான். ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
பள்ளிப் பேருந்துகள் இன்று ஓடாது என்று
ஐந்தரைக்கே வானொலி சொல்லிவிட்டது.
ஓட்டுநருக்கு ஒரு பகல் முழுசாய்க் கையில்.
கராஜில் ஹீட்டர் முனகுகிறது.
பிங்பாங் மேசைமேல் பழைய போர்வை,
போர்வைமேல் மேலிறக்கை ஒன்று,
கீழிறக்கை இரண்டு துண்டாய்,
உடல், வால், பதினொரு பொட்டலம் திருகாணி,
நாற்பத்தேழு பக்கக் கையேடு.

புழுக்கமான ஏதோ ஓர் ஊரில் யாரோ
இழுத்து ஒட்டிய சிவப்பு உறை.
இந்த வறட்சியில் உள்ளே பால்சா மரம் ஒடுங்க
வெளியே அது தொளதொளத்துக் கிடக்கிறது.
சின்ன இஸ்திரியால் நீவுகிறாள்.
ஒரு சுருக்கம் படிய, பக்கத்தில் ஒன்று எழும்.
அதையும் நீவுகிறாள்.
அடிப்பக்கம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்:
குப்புறப் பறக்கையில் குப்புறத்தான் என்று
தரையில் நிற்பவருக்குத் தெரிய.
கிளென்னையும் யாராவது
அப்படி அடையாளம் ஒட்டி அனுப்பியிருக்கலாம்.

கீலுக்கு ஒரு சொட்டுப் பசை.
சர்வோ ஐந்து. கம்பிகள் ஐந்து.
பேட்டரியைச் செருகிக்
குச்சியை வலப்பக்கம் தள்ளினால்
இறக்கை மடல் இடப்பக்கத்துக்குப் பணிகிறது.
ரிமோட்டில் ஒரு பொத்தான். திரும்பிவிட்டது.
இது ஒன்றுதான் இன்று சுலபமாய் நடந்தது.

பக்கம் முப்பத்தொன்று.
இங்கே இன்னொருவர் உதவி தேவை.
படத்தில் நான்கு கைகள். முகம் இல்லை.

முட்டியால் அண்டை கொடுத்தாள்.
பெயின்ட் டப்பாக்களை அடுக்கினாள்.
மேலிறக்கையைத் தலையில் சுமந்து
தூண்களின் துளையைத் தடவித் தேடினாள்.
போல்ட் உருண்டு ஃப்ரீசருக்கடியில் போனது.
படுத்து, துடைப்பத்தால் எடுத்து,
மறுபடி சுமந்து,
மறுபடி அதே ஃப்ரீசர்.

பக்கத்து வீடு வெண்டல் ஃப்ரீசனுடையது.
போன குளிர்காலத்துக்கு முந்தினதில்
அவன் பனி எறியும் இயந்திரம்
அவள் வாசலை மூடிற்று.
அவள் ஒரு வார்த்தை சொன்னாள்,
அவன் மைத்துனி இருக்கும்போது.
பிறகு இரண்டு குளிர்காலம்
வேலியில்கூட ஒருவர் நிழல் ஒருவர்மேல் விழவில்லை.

சில சொற்களை நடுவில் உடைத்தால்
செய்யவேண்டியது தெரிந்துவிடுகிறது.
பூட்ஸ், பார்க்கா, கையுறை: ஆறு நிமிடம்.
வெளியே இருபத்திரண்டு அடி.
கிட்டப் போனாள்.
தட்டினாள்.

வந்தான். கேள்வி கேட்கவில்லை.
காட்டிய இடத்தில்
இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
தூங்கும் குழந்தையைப் பிறத்தியாரிடம் வாங்கியவன் மாதிரி.
நான்கு போல்ட்.
ஒவ்வொன்றுக்கும் நீலப் பசை ஒரு பொட்டு.
நான்காவது இறுகியபோது
அவன் கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து
"மூச்சு விடலாம்" என்றாள்.
விட்டான்.

பக்கங்களுக்குத் தாங்கிகள் பூட்டி
ஆளுக்கொரு விரல்நுனி
மேலிறக்கையின் அடியில் குறித்த புள்ளியில் வைத்துத்
தூக்கினார்கள்.
வால் சரிந்தது.
மூக்கில் எடை போதாது.
ஃப்ரீசன் விரலை எடுத்துக்கொண்டு,
ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு,
கதவைத் திறந்து போயே போய்விட்டான்.

சரி, என்றாள் விமானத்திடம்.

கதவு மறுபடி திறந்தது.
உறைந்த ஏரியில் தூண்டில் போடுகிறவனின் பெட்டி.
ஈயக் குண்டுகள், மீன்வாடையோடு.
ஒன்று. இரண்டு. நாடாவில் சுற்றி, நான்கு.
ஆறில் வால் யோசித்தது.
ஏழில் எழுந்து
இரண்டு விரல்களின்மேல்
ஆடாமல் நின்றது.

"எப்போ?" என்றான்.
"மே. காற்று விட்டால்."
காற்று எங்கே விடும் இந்த ஊரில், என்று
இருவரும் சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் அவன் இயந்திரம் இரைந்தது.
ஜன்னலுக்கு வந்தாள்.
பனி வளைந்து எழுந்து
பழைய வழக்கப்படி அவள் வாசலில் விழுந்தது.
கொட்டட்டும் என்று பார்த்திருந்துவிட்டு
மண்வெட்டியை எடுக்கக் கராஜுக்குப் போனாள்.
போர்வைமேல் அது,
அவனுடைய ஏழு குண்டுகளை மூக்கில் அடக்கிக்கொண்டு
மட்டமாய் உட்கார்ந்திருந்தது.
பொட்டலத்தில் ஒரு திருகாணி மிச்சம்.
எங்கே போகவேண்டியது என்று
நாற்பத்தேழு பக்கத்திலும் இல்லை.