இரண்டாம் பூச்சு

இரண்டு பக்கத்துக்கும் ஆணி விற்றவன் நான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லெலண்ட் நோவாட்னி வந்தது மார்ச் மாதம், ஒரு செவ்வாய்.
நாலுக்கு எட்டு ஒட்டுப்பலகை ஒன்று,
கறுப்புப் பெயின்ட் கால் காலன்,
ஓரங்குலத் தூரிகை.
கோழிக்கூடா என்றேன்.
இல்லை, கோல்பி என்றான்.

மறுநாள் பார்த்தேன்.
ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு எதிரே, மருந்துக்கடை ஓரம்,
மீன்பிடிக்க எடுத்துப்போகும் மடக்கு நாற்காலியில்
உட்கார்ந்திருந்தான்.
பலகையில்
எங்கள் கவுண்டியிலிருந்து போய்
ஈராக்கில் செத்த நான்கு பையன்கள்.
கீழே ஒரு வரி:
எதற்கு என்று யாராவது சொல்லுங்கள்.

யாரும் சொல்லவில்லை.
ஆனால் எல்லோரும் பேசினார்கள்,
என் கல்லாவுக்கு முன்னால், சில்லறையை எண்ணிக்கொண்டே.
பெற்றவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா என்றாள்
பள்ளிப் பேருந்து ஓட்டும் வில்மா.
மகன் பிணத்தின்மேல் ஏறி நின்று மைக் பிடிக்கிறான் என்றார்
கோல்பிக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்த பயிற்சியாளர்.
அன்று சவப்பெட்டியின் இடது முன்முனை
அவர் தோளில்தான் இருந்தது.
போதகர் தோட்டக்குழாய் வாங்க வந்து
மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார்.
ஆள்சேர்க்கும் சார்ஜென்ட், இருபத்தாறு வயசு,
ஒரு வாரம் ஜன்னல் திரையை இறக்கிவைத்திருந்தான்;
அப்புறம் பின்வழியாகப் போய்வரத் தொடங்கினான்.

ஏப்ரலில் முப்பது பேர்
எதிர்ச்சாரியில் நின்றார்கள், கொடிகளோடு.
கொடிக்கம்பமும் என் கடையில்தான்.
கையிருப்பு தீர்ந்து
லிங்கனிலிருந்து இரண்டு தடவை வரவழைத்தேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
நல்ல வியாபாரம்.

ஒரு காலை
பலகையின் முதுகில் துரோகி என்றிருந்தது.
சிவப்பு. என் கடைச் சிவப்பு.
நிறம் பார்த்தே எண் சொல்வேன்,
யாருக்கு விற்றேன் என்றும் சொல்வேன்.
சொல்லவில்லை.

மார்வா ஃபிட்ச் கொடி பிடிக்கவில்லை.
அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றாள்.
அவள் டெரிக்கும் கோல்பியும் ஒரே வண்டியில் போனவர்கள்.
ஒரே வெடி.
எது யாருடையது என்று பிரித்தெடுக்கப்
பதினொரு நாள் ஆனதாம்.
இரண்டு வீடும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை,
தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.

அவள் தெருவைக் கடந்தாள்.
"என் பையன் பெயரை எடு."
"அவனும்தானே செத்தான், மார்வா."
"உன் பலகைக்காகச் சாகவில்லை."
லெலண்ட் கொடிகளைக் கைகாட்டினான்:
"அதற்காகவா?"
"அவன் விரும்பிப் போனான்," என்றாள்.
"அந்த ஒன்றையாவது எனக்கு விட்டுவை."

தெருவே காத்திருந்தது.
வில்மா பேருந்தை நிறுத்தியிருந்தாள்.
லெலண்ட் நாற்காலியை மடக்கினான்,
நேரே என் கடைக்கு வந்தான்.

வெள்ளைப் பெயின்ட், சின்ன டப்பா.

கறுப்பின்மேல் வெள்ளை ஒரு பூச்சில் நிற்காது.
முதலில் பிரைமர் அடிக்கணும், காயவிடணும்,
அதன்மேல் இரண்டு பூச்சு.
முப்பத்தொரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லும் பாடம்.
அன்றைக்கு வாய் வரவில்லை.
டப்பாவை நீட்டினேன்.
மீதிச் சில்லறையை நீட்டினேன்.

ஜூன் வெயிலில்
டெரிக் ஃபிட்ச் வெளியே வர ஆரம்பித்தான்.
முதலெழுத்தின் வயிறு,
பிறகு கடைசி எழுத்தின் ஒரு கால்,
பால் வடிந்த பாத்திரத்தில் கீறல் தெரிவதுபோல்
சாம்பல் நிறத்தில்.
லெலண்ட் இப்போது நாற்காலியை நகர்த்திப் போட்டு
அந்த இடத்தை முதுகால் மறைத்தபடி உட்கார்கிறான்.
மார்வா வாரத்துக்கு ஒருமுறை கடந்து போகிறாள்.
பார்க்கிறாள். நிற்பதில்லை.

நேற்று கடைக்கு வந்தாள்.
வெள்ளை இருக்கா என்றாள்.
எடுத்து வைத்தேன்.
டப்பாவை உள்ளங்கையில் வெகுநேரம் எடை பார்த்தாள்.
பிறகு திருப்பி வைத்துவிட்டு
எட்டுத் திருகாணி மட்டும் கேட்டாள்.
காற்றில் அந்தப் பலகை ஆடுகிறதாம்.

கணக்கில் எழுதிக்கொள் என்றாள்.
யார் கணக்கில் என்று
நான் கேட்கவில்லை.