ஏழாவது பரல்

லொறி வந்த அன்று இனிப்பு.
போறணையில் இறக்கிய பாண்போல
பட்டி முழுக்க மணக்கும்.
மறுநாள் கையை விட்டால் சுடும்.
மூன்றாம் நாள் ஈ.
நாலாம் நாள் விளிம்பில் பச்சை பிடிக்கும்.
செம்பி முகர்ந்துவிட்டு
என்னை ஒருதரம் பார்த்து
மறுபக்கம் திரும்பிக்கொள்வாள்.

பியருக்குச் சாறெடுத்த பார்லிச் சக்கை,
ஒரு லோட் ஒன்றரைத் தொன்.
என்னிடம் பதினொரு வாய்தான்.
பாதிக்கு மேல் வாழையடியில் வெட்டித் தாட்டேன்.
வாழை நல்ல குலைதான் போட்டது.
வாழையைக் கறக்க முடியுமா?

ஏறாவூர் நுஸ்ரா டொக்டர் வந்து
மூக்கைப் பொத்தாமல் குனிந்து பார்த்தா.
"காத்துத்தான் கள்ளன். அவன வெளிய தள்ளுங்க.
நூறு கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு,
ஈரம் குடிக்கத் தவிடு,
நல்லா மிதிச்சு இறுக்கி மூடுங்க.
மறுகா மூணு கிழமைக்குத்
தொறக்கப்படாது கா."

நீலப் பிளாஸ்டிக் பரல் ஏழு வாங்கினேன்,
காதுத்தோடு கடையில் இருக்கிறது.
காலுக்கு உரப்பை கட்டி
உள்ளே இறங்கி மிதித்தேன்.
வேலிக்கு மேலால் மயில்வாகனம்:
"என்ன மச்சாள், பரலுக்குள்ள கூத்தா?"
பதில் சொல்ல மூச்சில்லை.
சக்கை அமர அமரக்
கணுக்காலில் சாறு ஏறியது.

மார்கழி பிறந்தது.
குருமண்வெளித் துறையில் பாதை ஓடவில்லை.
வெல்லாவெளி வீதியில் முழங்காலுக்கு மேல் வெள்ளம்,
வட்டையில் புல் தண்ணீருக்குக் கீழே.
லொறிக்காரன் போனில் சிரித்தான்,
"அக்கா, வள்ளமா ஓட்டுறன்?"
இருந்த வைக்கோலை
எண்ணி எண்ணி எறிந்தேன்.

இருபத்தோராம் நாள்
முதல் மூடியைக் கழற்றக்
கை நடுங்கிற்று.
நாறவில்லை.
பழஞ்சோற்றுத் தண்ணி, கொஞ்சம் விளாங்காய்.
நிறம் அப்படியே, பொன் மங்கின மாதிரி.
செம்பி மற்றவளை இடித்துக்கொண்டு வந்து
தலையைத் தூக்கவேயில்லை.
அந்தக் கிழமை பால்
அரை லீற்றர்கூடக் குறையவில்லை.

ஆறு பரல் அப்படித்தான்.
ஏழாவதில் கறுப்பு.
நடுவரைக்கும் வெள்ளை நூல்,
கண் எரியும் நாற்றம்.
"எலி கடிச்சிட்டு" என்றேன்.

டொக்டர் மூடியைச் சுற்றி
ஒரு விரலை ஓட்டினா.
பல்லுப் படவில்லை, கீறலுமில்லை.
என் முகத்தைப் பார்க்காமல்
கொப்பியில் எழுதினா: எலி.
பிறகு சீனி போடாத தேத்தண்ணி கேட்டா.

ஒன்பதாம் நாள் இரவு
ரோச் லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரேயொரு தரம் திறந்து பார்த்தவள்
நான்.
கெட்டிருக்குமோ என்றுதான் பார்த்தேன்.
கெடவில்லை. அப்போது.

வெள்ளம் வடிந்து அடுத்த லோட் வந்தது.
ஒவ்வொரு மூடிக்கும் மேலே
ட்ரக்டர் டயர் ஒன்று,
தனியாளாய்த் தூக்க ஏலாத பாரம்.
"ஆர் வந்து திறக்கப்போறான்
இவ்வளவு பாரம் வைக்கிற?"
ஒருபக்கம் பிடித்தபடி மயில்வாகனம் கேட்டான்.

எலி, என்றேன்.