ஏப்ரலில் வெட்டக்கூடாது

நர்சரிக்காரன் சொல்லித்தான் விற்றான்:
தலைக்கு வெயில், காலுக்கு நிழல்,
ஏப்ரலில் கத்தரி வைக்காதே.
முதல் இரண்டும் நினைவிருந்தது.

எட்மன்டனில் பனி வடிந்த ஞாயிறு.
முன்முற்றத்துப் பேர்ச்சின் கிளையொன்று
யன்னலை உரசுகிறதென்று வெட்டினேன்.
விரல் பருமன்தான்.

உடனே சொட்டத் தொடங்கியது.

டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு வருடம்;
சொட்டுகளை எண்ணாமல் பார்க்கத் தெரியாது எனக்கு.
நிமிடத்துக்கு நாற்பத்தாறு.
இரவுப் பணி முடிந்து வந்து எண்ணினேன், ஐம்பது.
பஞ்சு வைத்துக் கட்டினேன், ஊறியது.
மெழுகு பூசினேன்,
மெழுகைத் தள்ளிக்கொண்டு வந்தது.
"மரத்துக்குப் பிரஷர் பாத்தனீரோ?" என்றார் நகுலேசன்
தேத்தண்ணியை ஊதியபடி.
நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஒக்ஸானா
ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்து வந்து
கேளாமலே கிளையில் கட்டிவிட்டுப் போனாள்.
மாலைக்குள் பாதி நிறைந்தது.
குடித்துப் பார்த்தோம்,
வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.
வெறும் தண்ணீர்.
விழுங்கிய பிறகு எங்கோ ஓர் இனிப்பு,
கேட்டவுடன் மறந்த பெயர் மாதிரி.
போத்தலைவிட்டுப் போகாத சதகுப்பை வாசமும்.

மே பதினொன்றில் இலை விட்டது,
சுண்டெலிக் காதளவு.
சொட்டு நின்றிருந்தது.
எந்த நாளில் என்று கவனிக்கவில்லை.

அன்றிரவு வார்டில்
புதிதாய் வந்தவர் கையில் பஞ்சை அழுத்தியபடி
"தானாக நிற்குமா?" என்று கேட்டார்.
பத்து நிமிடம் என்றேன்.
மணிக்கூட்டைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றேன்.

யன்னலை இப்போது
அடுத்த கிளை உரசுகிறது.
செப்டம்பர் வரட்டும்.