ழகரம் போன பிறகு

முதலில் என்னைவிட்டுப் போனது ழகரம்.
பட்டர்வொர்த் மண்டபத்தில், மைக் முன்னால்,
"வாழ்க மணமக்கள்" என்றேன்.
ஸ்பீக்கரில் "வால்க" என்று விழுந்தது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
வாளப்பளம் சாப்பிடாதவர் இந்த ஊரில் யார்?
எனக்கு மட்டும் காது கூசியது.

இருபத்திரண்டு வருடம்
பிறர் கல்யாணத்தை நடத்திக்கொடுத்த வாய்.
பந்தியில் உட்கார்ந்தால்
இரண்டாவது கவளத்திலேயே வயிறு கதவைச் சாத்தும்.
பின்பக்கம் இன்னொரு கதவு,
அது சாத்தவே சாத்தாது.
பெல்ட்டில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டேன்.
பிறை கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்றார்கள்.
அடுத்த கிளினிக்கில் மனக்கவலை.
கவலையா?
சிரிக்கவைத்துச் சம்பாதிப்பவன் நான்.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டார்கள்,
மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று.
திரையில் என் குடல்
மழை கழுவிய சுவர் மாதிரி பளிச்சென்று இருந்தது.
குற்றம் சொல்ல ஏதுமில்லை.

டாக்டர் அஸ்லினா திரையை விட்டுத் திரும்பி
நாக்கை நீட்டச் சொன்னார்.
ஓரமெங்கும் பல்லின் தடம்,
கறிபாப் விளிம்பு போல.
இமையில் ஊதா. "யாராவது அடித்தார்களா?"
செருப்பு வார் மாட்டக் குனிந்தேன்,
அவ்வளவுதான்.

பளிச்சென்ற சதையிலிருந்தே
எள்ளளவாய் ஆறு கிள்ளு.
ஒரு காலத்தில் பருத்திக்கு ஏற்றிய சாயமாம்,
காங்கோ சிவப்பு. அதில் முக்கி,
ஒளியை ஒரே திசையில் சீவி அனுப்பினால்
இரத்தக் குழாய்ச் சுவரெல்லாம் பச்சை.
ஆப்பிள் பச்சை என்பது அவர்கள் வழக்கம்.
செல்பேசியில் காட்டினார்.
எனக்கு அது
பாலிக் புலாவ் மரத்தில் பழுக்காத ஜாதிக்காய்.
அழகாக இருந்தது.
சொல்ல வெட்கமாக இருந்தது.

மடிப்புத் தப்பிய புரதம். கரையாது.
அழைப்பிதழ் இல்லாமல் வந்து
பந்தியில் உட்கார்ந்து
எழுந்திருக்காத கூட்டம்.
நாக்கில், குடலில். இதயத்திலும் இருக்கலாம்,
பார்க்கவேண்டும்.
எந்த வகை என்று அறிய இடுப்பெலும்பில் ஊசி,
புதன்கிழமை, எட்டரைக்கு.

ஃபெரியில் திரும்பும்போது மனைவி கேட்டாள்,
பெயர் என்ன சொன்னார்கள் என்று.
"அமிலாய்டோசிஸ்."
தடங்கல் இல்லாமல் வந்தது.
அதில் ழகரம் இல்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு
"மலர்விழி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
எப்படி விழுந்ததோ தெரியவில்லை,
காற்று அதிகம்.
அவள் திரும்பினாள்.